மிச்சத்தை அளந்த மேதை

மோட்டார் வண்டி எதைக் குடித்து ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோல் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அது பாதி விடைதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதுமாக எரிந்து தீர, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே சொட்டுச் சொட்டாக எண்ணுகிறோம். காற்று சும்மா கிடைக்கிறது. ஆகவே அதை நினைப்பதே இல்லை. ஆனால் பெட்ரோல் வீணாவதும் மிச்சமாவதும் அந்தச் சும்மா கிடைக்கும் காற்றைச் சரியாக அளப்பதில்தான் பெரிதும் இருக்கிறது.

இந்நாளில் தயாராகும் பெட்ரோல் கார்களில், புகை வெளியேறும் குழாயில், ஸ்பார்க் பிளக்கைப் போன்ற ஒரு சிறு கருவி திருகி வைக்கப்பட்டிருக்கும். ஆக்ஸிஜன் சென்ஸார் என்பது அதன் பெயர். எரிந்து முடிந்த புகையில் பிராணவாயு, அதாவது ஆக்ஸிஜன், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது பார்த்துச் சொல்கிறது. அந்தக் கருவி வேலை செய்யும் விதியைக் கண்டவரும், அது செய்யப்படும் பொருளின் குணத்தை முதலில் பயன்படுத்திக் காட்டியவரும் ஒருவரே. அவர் கார் என்றால் உயிரை விடுபவர். ஆயினும் தம் கண்டுபிடிப்பு ஒருநாள் காரில் ஏறி உட்காரும் என்பதை அறியாமலே 1941-ல் கண் மூடினார்.

அவர்தான் வால்தர் நெர்ன்ஸ்ட். மேல் வகுப்பு அக்காமார் இரசாயனப் பாடத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மனப்பாடம் செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் சிரிப்பும் கோபமும் பெருமையும் துயரமும் உடைய ஒரு மனிதர் இருந்தார். அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

இளமையும் கல்வியும்

1864-ம் ஆண்டு ஜூன் 25-ம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த பிரீசன் என்னும் சிற்றூரில் நெர்ன்ஸ்ட் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை ஒரு நீதிபதி. மகனுக்கோ முதலில் நீதியிலும் ஆசை இல்லை, விஞ்ஞானத்திலும் ஆசை இல்லை. கவிஞனாக வேண்டும் என்பதே கனவு. அந்தக் கனவு நிறைவேறவில்லை என்றாலும், நாடகத்தின்மீது கொண்ட பற்று மட்டும் அவரை விட்டு நீங்கவே இல்லை.

அக்காலத்து ஜெர்மானிய மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நெர்ன்ஸ்டும் சூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் என்று நான்கு இடங்களில் பயின்றார். ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரில் போல்ட்ஸ்மான் என்ற புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் இருந்தார். அங்கே எட்டிங்ஸ்ஹவுசன் என்பவருடன் சேர்ந்து, வெப்பமும் காந்தமும் சேர்ந்தால் உலோகத்தில் மின்சாரம் தோன்றும் ஒரு புதிய விளைவை 1886-ல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான்! அடுத்த ஆண்டு வூர்ஸ்பர்க்கில் டாக்டர் பட்டம் பெற்று, லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்ட் என்னும் பேராசிரியருக்கு உதவியாளரானார்.

ஏற்றத்தாழ்வில் பிறக்கும் மின்சாரம்

லைப்சிக்கில்தான், 1889-ம் ஆண்டு, அவர் தம் பெயரால் வழங்கும் சமன்பாட்டை வெளியிட்டார். கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். கருத்து மிக எளியது.

மேட்டில் இருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். இரு பக்கமும் மட்டம் சமமாகும்வரை ஓட்டம் நிற்காது. அதுபோலவே, ஒரு பொருள் ஓரிடத்தில் மிகுதியாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருந்தால், சமமாகிவிட வேண்டும் என்று இயற்கை துடிக்கிறது. அந்தப் பொருளின் அணுக்கள் மின்னூட்டத்தைச் சுமந்து கடக்கும்படி ஒரு வழியை மட்டும் நாம் அமைத்துக் கொடுத்தால், அந்தத் துடிப்பு மின்னழுத்தமாக வெளிப்படும். எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் எத்தனை வோல்ட் தோன்றும் என்று சொல்வதே நெர்ன்ஸ்ட் சமன்பாடு. ஒரு பக்கத்துச் செறிவு மறுபக்கத்தைப்போல் பத்து மடங்கானால் ஒரு படி ஏறும்; நூறு மடங்கானால் இரண்டு படி ஏறும்; ஆயிரம் மடங்கானால் மூன்று படி ஏறும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். வோல்ட்டை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? இந்த ஒரு கருத்தை இங்கே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வோம்.

தோற்றுப்போன விளக்கு

பின்னர் நெர்ன்ஸ்ட் கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1892-ல் அவ்வூர் மருத்துவர் ஒருவரின் மகளான எம்மா லோமயரை மணந்தார். அவர்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகளும் மூன்று பெண் குழந்தைகளும் பிறந்தனர்.

அந்நாளில் மின்விளக்கு என்றால் எடிசனின் கரி இழை விளக்குத்தான். அது மங்கலான மஞ்சள் ஒளி தந்தது. மின்சாரத்தையும் மிகுதியாக விழுங்கியது. கரி காற்றுப் பட்டால் எரிந்துவிடும். ஆகவே கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை முற்றிலும் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. எரியவே எரியாத ஒரு பொருளை ஒளிரச் செய்தால் என்ன என்று நெர்ன்ஸ்ட் சிந்தித்தார். ஏற்கெனவே பிராணவாயுவோடு கூடிவிட்ட பொருள் இனிமேல் எரிய முடியாது. ஆகவே சிர்கோனியம் ஆக்ஸைடு என்னும் வெண்ணிறப் பொருளில் இட்ரியம் ஆக்ஸைடைச் சிறிதளவு கலந்து, மெல்லிய குச்சி ஒன்று செய்தார். பீங்கானைப்போன்ற அந்தக் குச்சி குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் துளியும் கடத்தாது. நன்றாகச் சூடு ஏறிவிட்டாலோ மின்சாரம் தாராளமாகப் பாயும். குச்சியும் வெண்ணிற ஒளி வீசும். 1897-ல் இந்த விளக்கு பிறந்தது.

உலோகக் கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். இந்தக் குச்சியிலோ, உப்புக் கரைசலில் நடப்பதுபோல, மின்னூட்டம் பெற்ற அணுக்களே நகர்ந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன என்பதை நெர்ன்ஸ்ட் உணர்ந்துகொண்டார். திடப்பொருளுக்கு உள்ளே அணுக்கள் நடமாடுகின்றன என்பது அன்று வியப்பான செய்தி.

ஏ.இ.ஜி. என்னும் ஜெர்மானிய மின்சார நிறுவனம் அந்த விளக்கின் உரிமையைப் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்குகள் காண்போரின் கண்ணைப் பறித்தன. அமெரிக்காவிலும் அவற்றைச் செய்வதற்கு ஒரு நிறுவனம் எழுந்தது.

ஆனால் அந்தப் புகழ் நீடிக்கவில்லை. விசையைத் தட்டியதும் அந்த விளக்கு எரியாது; குச்சி சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் தீக்குச்சியால்கூடச் சூடேற்றினார்கள். பிறகு அதற்கென்று தனியாக ஒரு சூடேற்றும் கம்பிச் சுருளை வைத்தார்கள். சில ஆண்டுகளில் டங்ஸ்டன் இழை விளக்கு வந்தது. தட்டியவுடன் பளிச்சென்று எரிந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கு கடைகளை விட்டு மறைந்தது. அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றே உலகம் நினைத்தது.

காரும் சிரிப்பு வாயுவும்

விளக்கு தந்த பணத்தில் நெர்ன்ஸ்ட் செய்த செலவுகளுள் அவருக்கு மிகவும் பிடித்தது கார் வாங்கியதுதான். கோட்டிங்கன் நகரில் முதன்முதலாகக் கார் வைத்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்தக் காலத்துக் கார் இப்போது உள்ளதுபோல் சொன்னபடி கேட்காது. கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். பேராசிரியர் கார் ஓட்டிக்கொண்டு வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். 1905-ல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது, குடும்பத்தோடு காரிலேயே பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

மேட்டில் ஏறத் தம் கார் திணறுவதைக் கண்டு அவர் செய்த தந்திரம் ஒன்று உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு நிரம்பிய சிறு உருளை ஒன்றைக் காரில் பொருத்தி, மேடு வரும்போது அதை இயந்திரத்துக்குள் செலுத்தினாராம். பல் பிடுங்குவதற்கு முன் மயக்கம் தரக் கொடுக்கும் சிரிப்பு வாயுதான் அது. சிரிப்பு வாயுவுக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சாதாரணக் காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்குதான் உண்டு. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். நைட்ரஸ் ஆக்ஸைடு சூட்டில் பிரிந்தால் கிடைக்கும் வாயுவில் மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு. உள்ளே போகும் பிராணவாயு கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். வண்டி துள்ளிக்கொண்டு ஏறும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. இயந்திரத்தின் வலிமை அது இழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. அதன் சிக்கனமோ காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தைப் பெரிதும் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெர்ன்ஸ்ட்டின் தந்திரத்தால் வண்டி வேகம் பெற்றது; பெட்ரோல் மிச்சமாகவில்லை.

அளவுக்கு மிஞ்சினால்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. பெட்ரோலுக்கு அது அப்படியே பொருந்தும். காற்று போதாமல் பெட்ரோல் மிகுந்துவிட்டால், அதிலுள்ள கரி முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடு ஆக முடியாது. ஒரு பகுதி பாதி எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவாகப் போய்விடும். கரி முழுவதும் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் பாதி எரிந்தால் கிடைக்காது. அதாவது, காசு கொடுத்து வாங்கியதை நஞ்சாக்கி வெளியே ஊதுகிறோம். மாறாகக் காற்று சற்றே மிகுந்திருந்தால் சிக்கனம்தான். ஆனால் மிகவும் மிகுந்துவிட்டால் தீ சரியாகப் பற்றாது, வண்டி விட்டுவிட்டு இழுக்கும்.

பழைய வண்டிகளில் இந்த விகிதத்தைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. நெர்ன்ஸ்ட் இளைஞராக இருந்தபோதே, 1893-ல், வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் தெளிப்புக் கார்புரேட்டரை அமைத்தார். குறுகிய கழுத்து வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுத் தூறலாக வரும். அது கெட்டிக்கார அமைப்புத்தான். ஆனால் கண்ணில்லாத அமைப்பு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சூடான காற்று லேசானது. மலை மேலே போகப்போகக் காற்று மெலிந்துவிடும். இதையெல்லாம் சாதாரணக் கார்புரேட்டர் அறியாது. மலை ஏறினால் மெலிந்த காற்றுக்கும் அதிகப் பெட்ரோலை ஊற்றும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டாலும் அப்படியே. காற்று குறையும், பெட்ரோல் மிகும், புகை கறுக்கும். தான் ஊற்றியது சரியா தவறா என்று திரும்பிப் பார்க்க அதற்கு வழி இல்லை.

புகழும் துயரமும்

பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் புகழ் உச்சிக்குப் போனது. மைனஸ் 273 டிகிரிக்கு அருகே, அதாவது குளிர்ச்சியின் கடைசி எல்லையில், பொருள்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று ஆராய்ந்து, 1906-ல் வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியை உலகுக்குத் தந்தார். 1911-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலக இயற்பியல் மேதைகள் கூடிய முதல் சால்வே மாநாடு நடக்க முயன்றவர் இவரே. 1913-ல் மாக்ஸ் பிளாங்குடன் சூரிச் நகருக்கு நேரில் சென்று, ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்கு அழைத்தவரும் இவரே. 1920-ம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தப் பரிசைப் பெறும்முன்பே அவருடைய இல்லத்தில் இருள் சூழ்ந்துவிட்டது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஐம்பது வயதான நெர்ன்ஸ்ட் தம் காரையே எடுத்துக்கொண்டு, தொண்டர் ஓட்டுநராகப் படையோடு பிரான்ஸ் நாட்டுக்குள் சென்று செய்திகளைச் சுமந்தார். ஜெர்மானியப் படையின் செயல்களை நியாயப்படுத்தி அறிஞர்கள் 93 பேர் வெளியிட்ட அறிக்கையிலும் கையெழுத்திட்டார். போர்க் கருவி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். அறிவிற் சிறந்தவர்களும் நாட்டுவெறி என்னும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவது உண்டு என்பதற்கு இது சான்று. அந்தப் போர் அவரிடம் பெரிய விலையை வாங்கிக்கொண்டது. அவருடைய இரண்டு ஆண்மக்களும் போரில் மாண்டனர். ஒரு தாய்க்கும் தந்தைக்கும் அதைவிடப் பெரிய இழப்பு ஏது?

பிற்காலத்தில் ஹிட்லரின் ஆட்சி வந்தபோது நெர்ன்ஸ்ட் அந்த வெள்ளத்தில் இறங்கவில்லை. அந்த ஆட்சியை அவர் வெறுத்தார். அவருடைய மகள்களில் இருவர் யூதர்களை மணந்திருந்தனர். அவர்கள் குடும்பத்தோடு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 1933-ல் ஓய்வு பெற்ற நெர்ன்ஸ்ட், ஸீபெல்லே என்னும் கிராமத்தில் இருந்த தம் பண்ணைக்குச் சென்றுவிட்டார்.

பசுவும் கெண்டை மீனும்

அந்தப் பண்ணையைப் பற்றி விஞ்ஞானிகள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஒருநாள் நெர்ன்ஸ்ட் மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தாராம். வெளியே நடுக்கும் குளிர்; உள்ளே கதகதப்பு. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பசுக்களின் உடம்பிலிருந்து! நாம் காசு கொடுத்து வாங்கிப் போடும் தீவனத்தில் ஒரு பங்கு இப்படிக் கொட்டிலைச் சூடாக்குவதில் அல்லவா போகிறது என்று அவருக்குத் தோன்றியது. பசுக்களை விற்றுவிட்டுக் கெண்டை மீன் வளர்க்கத் தொடங்கினார். மீனின் உடல் சூடு சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டோடு ஒத்துப்போவது. ஆகவே தின்ற தீனியைக் கொண்டு குளத்தைச் சூடாக்கிக் கொண்டிராது.

கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் இதில்தான் நெர்ன்ஸ்ட்டின் மனம் தெரிகிறது. உள்ளே என்ன போட்டோம் என்பதோடு அவர் நிற்கவில்லை. வெளியே என்ன வீணாகப் போகிறது என்று பார்த்தார்.

1941-ம் ஆண்டு நவம்பர் 18-ம் நாள், இரண்டாம் உலகப் போரின் நடுவே, அந்தப் பண்ணையிலேயே அவர் உயிர் பிரிந்தது. பின்னாளில் அவருடைய அஸ்தி கோட்டிங்கன் நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மீண்டும் பிறந்த குச்சி

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1943-ல் கார்ல் வாக்னர் என்ற ஜெர்மானிய அறிஞர், நெர்ன்ஸ்ட்டின் விளக்குக் குச்சிக்குள் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதை விளக்கினார். நாம் விளையாட்டு விழாவில் இசை நாற்காலி ஆடுவோமே, அதைப்போன்றதுதான். ஆனால் இங்கே ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். இட்ரியம் கலப்பதால் குச்சிக்குள் பிராணவாயு அணுக்கள் அமர வேண்டிய இடங்களில் சில காலியாகிவிடுகின்றன. சூடு ஏறியதும், மின்னூட்டம் பெற்ற பிராணவாயு அணுக்கள் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்த காலியிடத்துக்குத் தாவித் தாவி நகர்கின்றன.

முன்னே போட்டு வைத்த முடிச்சை இப்போது அவிழ்ப்போம். பிராணவாயு மின்னூட்டத்தைச் சுமந்து கடந்து போக ஒரு வழி கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு பக்கம் பிராணவாயு மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி மின்னழுத்தம் தோன்றியே தீர வேண்டும்!

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் இதைக் காருக்குக் கொண்டு வந்தது. தையல் வகுப்பில் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையைப்போன்ற சிறு சிர்கோனியா உறை. உள்ளும் புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறம் புகை படும். உட்புறம் சாதாரணக் காற்று படும். பெட்ரோல் மிகுந்தால் புகையில் பிராணவாயு மிஞ்சியிருக்காது, இரு பக்கத்துக்கும் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது, சுமார் 0.8 அல்லது 0.9 வோல்ட் தோன்றும். காற்று மிகுந்தால் புகையில் பிராணவாயு மிஞ்சியிருக்கும், 0.1 வோல்ட் அளவுதான் தோன்றும். நடுவே, விகிதம் மிகச் சரியாக இருக்கும் இடத்தில், மின்னழுத்தம் செங்குத்தாகத் தாவுகிறது. அந்தத் தாவலைக் கண்டு காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், கூட்டும், மீண்டும் குறைக்கும்; ஓயாமல் இப்படியே திருத்திக்கொண்டிருக்கும். 1976-ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கென்று செய்யப்பட்ட வோல்வோ கார்களில் இந்தச் சென்ஸார் முதன்முதலாக வந்தது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைப் போக்கும் வினையூக்கிக் கருவி நன்றாக வேலை செய்ய விகிதம் பிசகாமல் இருக்க வேண்டும். அதற்காக வந்த சென்ஸார் பெட்ரோல் வீணாவதையும் தடுத்தது.

காற்று உள்ளே போகும் வாயிலிலும் இப்போது காவல் உண்டு. பல கார்களில் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று காற்றின் வழியில் நிற்கிறது. காற்று மிகுதியாகப் போனால் கம்பி மிகுதியாகக் குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் எடை தெரிந்துவிடும். வேறு சில வண்டிகளில் காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து கணக்கிடுகிறார்கள். உலையில் இடும் அரிசியை ஆழாக்கால் அளப்பது போன்றது இது. ஆனால் கைதேர்ந்த அம்மா அத்தோடு விடமாட்டார். சாப்பாடு முடிந்தபின் பானையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் மறுநாள் அளவைத் திருத்துவார். அந்தப் பானையைப் பார்க்கும் கண்தான் ஆக்ஸிஜன் சென்ஸார். ஆகவேதான் இக்காலக் கார்களில் காற்று வடிகட்டி ஓரளவு அடைத்துக்கொண்டாலும், குறைந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலும் குறைக்கப்படுகிறது. வண்டியின் இழுவை குறையும். பெட்ரோல் முன்போல் வீணாகாது. ஆனால் சென்ஸார் பழுதாகி, காற்று மிகுந்துவிட்டது என்று பொய் சொல்லத் தொடங்கினால், கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் வெகுவாகக் குறைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், விளக்கைத் தோற்கடித்த குறை இதிலும் அப்படியே இருக்கிறது. சூடேறாதவரை சென்ஸார் பேசாது. சுமார் 300 டிகிரியைத் தாண்டினால்தான் சரியாகச் சொல்லும். அதுவரை கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது. வண்டியைக் கிளப்பி அடுத்த தெருவோடு நிறுத்திவிட்டால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குக் கண்ட பரிகாரமும் பழைய பரிகாரமே: சென்ஸாருக்குள் ஒரு சிறு சூடேற்றும் கம்பியை வைத்தார்கள்!

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறையும் ஆக்ஸிஜன் சென்ஸாரும் வந்துவிட்டன. நம் தெருவில் போகும் புது ஸ்கூட்டரிலும் நெர்ன்ஸ்ட்டின் குச்சி போகிறது.

நாம் கற்க வேண்டியது

தோழியரே, நம் மொழியில் மிச்சம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எஞ்சிக் கிடப்பதும் மிச்சம். சேமித்து வைப்பதும் மிச்சம். எஞ்சியதைக் கவனித்துப் பார்ப்பவர்களே எதையும் சேமிக்க முடியும் என்று சொல்லாமல் சொல்கிறது அந்தச் சொல். நெர்ன்ஸ்ட்டின் சமன்பாடும் அதையேதான் சொல்கிறது.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். போரை நியாயப்படுத்திய கையெழுத்தை அவர் போடாமல் இருந்திருக்கலாம். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது நல்லதை எடுத்துக்கொள்வதோடு, அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தையும் குறித்துக்கொள்வதே நமக்குப் பயன் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த விளக்கை நினைத்துப் பாருங்கள். சந்தையில் தோற்றது, மக்கள் மறந்தார்கள், செய்தவரும் மறைந்தார். ஆனால் அது ஏன் ஒளிர்ந்தது என்று அவர் உண்மையாக ஆராய்ந்து எழுதி வைத்த அறிவு தோற்கவில்லை. எண்பது ஆண்டுகள் காத்திருந்து, எவரும் எதிர்பாராத இடத்தில், புகைக்குழாயின் இருட்டில், வேலைக்கு அமர்ந்தது. இன்று நாம் புரிந்து படிக்கும் பாடம் நாளைத் தேர்வில் வராமல் போகலாம். நாம் செய்யும் நல்ல முயற்சிக்கு இந்த ஆண்டு பரிசு கிடைக்காமலும் போகலாம். அதற்காக அது வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.